மணிக்கு ஒரு தட்டு

விசாரணை மாலை நாலு மணிக்கு. கொக்கி ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி பத்தேகால். அதற்குள் ஒரே ஒரு காகிதத்தைத் தேடிப் பிடித்து, ஒரு பெண்ணின் வேலையையும் பேரையும் காப்பாற்றியாக வேண்டும்.

காகிதம் என்றாலே கொக்கிக்கு ஆகாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஆள். லாரி ஷெட்டில் சரக்குச் சரிபார்க்கிறவராக முப்பது வருஷம் இருந்தவர். ரசீதில் என்ன எழுதியிருந்தாலும் மூட்டையை அவிழ்த்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். அப்படியே எத்தனையோ திருட்டைப் பிடித்து, கடைசியில் துப்புத் துலக்குவதே பிழைப்பாகிவிட்டது. கேள்வியை மாட்டினால் ஆளை விடமாட்டார் என்பதால் கொக்கி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே சமயத்தில் மறந்துவிடும்.

கூட வந்தவர் அவர் மனைவியின் தம்பி. ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியைவிட்டு இறங்கிய பிறகும் சத்தத்தை நிறுத்தாததால் சைரன். கொக்கி போகிற இடத்துக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்து எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பது அவர் வேலை. இன்றைக்கும் வாயை மூடவில்லை. ஆனால் மாட்டியிருப்பது அவருடைய சொந்த மகள்.

நடந்தது இதுதான். மூன்று நாளைக்கு முன்பு, பிரசவ வார்டில் ஒன்பதாம் நம்பர் கட்டிலில் ஒரு பெண். ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில், விடியற்காலையில் அவசரமாக வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்திருந்தார்கள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. தாய்க்கு வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை சைரனின் மகள்தான் அந்த வார்டு நர்ஸ். ஒன்றே முக்காலுக்கு, வார்டைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயா, ஒன்பதாம் நம்பரின் உதடு நீலம் பாரித்திருப்பதைப் பார்த்துக் கத்தினாள். மூச்சு நின்றிருந்தது. டாக்டர்கள் ஓடிவந்து மாற்று ஊசி போட்டு உயிரை இழுத்துப் பிடித்தார்கள். அன்றைக்கு மூடிய கண் இன்னும் திறக்கவில்லை. தீவிர சிகிச்சை அறையில் ஒரு மிஷின்தான் அவளுக்காக மூச்சு விடுகிறது.

நர்ஸ் சொட்டை வேகமாகத் திறந்துவிட்டாள், பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை என்கிறது நிர்வாகம். இன்றைக்கு அது உறுதியானால் அவள் நர்ஸ் என்ற பட்டத்தையே பறித்துவிடுவார்கள். அடுத்தது போலீஸ்.

"நான் சொட்டத் தொடவே இல்ல மாமா," என்று நேற்று அவள் அழுததைக் கொக்கி நம்பினார். மணிக்கு ஒரு தடவை நோயாளியைப் பார்த்து எழுதும் சார்ட் இருக்குமே, அதுதானே உனக்குச் சாட்சி, அதை எடுக்கிறேன் என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தார். ஊரான் பிள்ளை தலையைக் குனிந்திருந்தால் கொக்கி அங்கேயே மூட்டையை அவிழ்த்திருப்பார். சொந்தம் என்று வந்தால் மனுஷனுக்கு அது மறந்துபோகிறது.

தீவிர சிகிச்சை அறையைத் தாண்டித்தான் ஆவண அறைக்குப் போக வேண்டும். அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். விரல் நகத்திலெல்லாம் டயர் கரி. மடியில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு பெண்பிள்ளைச் செருப்பு. ஒன்றே ஒன்று.

"பாத்தீங்களா அத்தான், இந்த ஆஸ்பத்திரியில திருடன்கூட அரகுறதான். ஒரு செருப்ப விட்டுட்டுப் போயிருக்கான்," என்றார் சைரன்.

கொக்கி சிரிக்கவில்லை. நடந்துகொண்டே இருந்தார்.

ஆவண அறைக் குமாஸ்தா, மனு வேண்டும், மேலதிகாரி கையெழுத்து வேண்டும், நாளை மறுநாள் வாருங்கள் என்றார். சைரன் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு நிதானமாக ஆரம்பித்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகக் கல்லோடு ஒருவரை வண்டியில் ஏற்றியதாகவும், வழி நெடுக அந்த ஆள் தன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தெய்வமே தெய்வமே என்று கூப்பிட்டதாகவும், தெய்வத்திடம் அன்றைக்கு யாரும் மனுக் கேட்கவில்லை என்றும் சொன்னார். குமாஸ்தாவுக்கு அந்தச் சட்டை ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து போய்ச் சார்ட்டை எடுத்து நகல் போட்டுக் கொடுத்தார்.

ஒரே பக்கம். எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை ஆறு வரிசை. மூச்சு பதினெட்டு, சிறுநீர் நாற்பது, வலது முழங்கால் இரண்டு கூட்டல் குறி, இடது முழங்கால் இரண்டு கூட்டல் குறி. ஆறு வரிசையிலும் அப்படியே. கடைசியில் சின்னக் கையெழுத்து.

"எம் பொண்ணு எழுத்தப் பாருங்க, அச்சடிச்ச மாதிரி," என்றார் சைரன். "இவ ஒழுங்காத்தான் பாத்திருக்கா அத்தான்."

கொக்கி நேராக நிர்வாகியின் அறைக்குப் போனார். இந்தச் சார்ட்டின் அசலை நாலு மணிக்குக் குழு முன்னால் வைத்தே தீர வேண்டும் என்று எழுதிக் கொடுத்து முத்திரையும் வாங்கிக்கொண்டார். மறுப்பார்கள் என்று சண்டைக்குத் தயாராகப் போயிருந்தார். நிர்வாகியோ சந்தோஷமாக ஒத்துக்கொண்டு உட்காரக்கூடச் சொன்னார். கொக்கிக்கு அது செருப்புக்குள் கல் மாதிரி உறுத்தியது. கேட்டதைக் கேட்டவுடன் கொடுக்கிற ஆபீசை அவர் அதுவரை பார்த்ததில்லை.

சார்ட் கையில் இருக்கிறது. அதில் இருப்பதற்கு அர்த்தம் தெரிய வேண்டாமா? கீழ்த்தளத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் மருந்தாளர் இருந்தார். தலை நரைத்தவர். கூட்டம் குறைந்த நேரம். இருவரையும் உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டார்.

மெக்னீசியம் விஷமா என்றுதான் கொக்கி முதலில் கேட்டார்.

"விஷமா? உங்க உடம்புக்குள்ளயே இருக்குங்க. கீரை, பருப்பு, கொட்டை, தவிடு போகாத தானியம், எல்லாத்துலயும் இருக்கு. நரம்பும் சதையும் ரொம்ப ஆடினா, போதும் அடங்குன்னு சொல்ற ஆளு அதுதான்."

அந்த ஆள் குறைந்துபோனால் என்ன ஆகும் என்பதையும் அவரே சொன்னார். கெண்டைக்கால் இழுக்கும். கை நடுங்கும். நெஞ்சு தாளம் தப்பும். ரொம்பக் குறைந்தால் வலிப்புகூட வரும். வருஷக்கணக்கில் அசிடிட்டி மாத்திரை விழுங்குகிறவர்கள், குடிக்கிறவர்கள், வயிற்றுப்போக்கு நிற்காதவர்கள், இவர்களுக்கெல்லாம் சத்தமில்லாமல் குறையும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் அதைப் பார்க்கவும் மாட்டார்கள், டாக்டர் தனியாகக் கேட்டால்தான் உண்டு.

"அப்ப கூடிப்போனா?" என்றார் கொக்கி.

"சாப்பாட்டுல எவ்வளவு வந்தாலும் சிறுநீரகம் மிச்சத்த வெளிய தள்ளிடும். பிரச்சன இல்ல. ஆனா கர்ப்பத்துல அழுத்தம் ஏறின பொம்பளைங்களுக்கு வலிப்பு வராம இருக்க, நேரா ரத்தத்துல ஏத்துறோம் பாருங்க, அங்கதான் கண்ணுல எண்ணெய் விட்டுட்டு நிக்கணும். சிறுநீர் போகலன்னா மருந்து உள்ளேயே தங்கும். சொட்டு சரியாத்தான் போகும், ஆனா உள்ள ஏறிக்கிட்டே இருக்கும். அடங்கு அடங்குன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில மூச்சையும் அடங்குன்னு சொல்லிடும்."

"அது முன்னாடியே தெரியாதா?"

மருந்தாளர் சைரனைக் கால்மேல் கால் போடச் சொன்னார். உள்ளங்கையின் ஓரத்தால் முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டினார். சைரனின் கால் துள்ளிப் போய் மேஜையை உதைத்தது. இருமல் மருந்துப் பாட்டில்கள் வரிசையாக ஆடின.

"நான் உதைக்கல சார், அதுவா உதைச்சுது," என்றார் சைரன். "முப்பது வருஷம் பிரேக் மிதிச்ச கால். ஆள் தூங்கினாலும் அது தூங்காது."

"அதான் வேணும்," என்றார் மருந்தாளர். "மருந்து மிஞ்சினா மொதல்ல இந்தத் துள்ளல் போகும். அப்புறம்தான் மூச்சு, அதுக்கப்புறம் நெஞ்சு. அதனாலதான் மணிக்கு ஒரு தடவ முழங்கால்ல ஒரு தட்டு. கால் துள்ளலன்னா உடனே சொட்ட நிறுத்திட்டு, கால்சியம் ஊசியப் போட்டா ஆள் எழுந்து உக்காரும். ஒரு தட்டுக்கு எவ்வளவு நேரமாகும் சொல்லுங்க?"

சைரன் சார்ட்டை எடுத்து நீட்டினார். ஆறு மணிநேரம், ஆறு தட்டு, கூட்டல் குறி என்றால் இரண்டு காலும் துள்ளியிருக்கிறது, என் பொண்ணு தப்பே பண்ணவில்லை என்றார். மருந்தாளர் வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒரு மணிக்கு இப்படித் துள்ளிய கால்காரிக்கு ஒன்றே முக்காலுக்கு மருந்து மிஞ்சி மூச்சு நிற்கிறதென்றால் அது தனக்கு விளங்கவில்லை என்று மட்டும் சொன்னார். அவர் அதைச் சொன்ன விதம் கொக்கிக்குப் பிடிக்கவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

பிரசவ வார்டில் முப்பத்திரண்டு கட்டில். எல்லாவற்றிலும் ஆள். ஒன்பதாம் நம்பரில் ஏற்கெனவே வேறு யாரோ படுத்திருந்தார்கள். அன்றைக்குக் கத்திய ஆயா ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தாள். கொண்டி எட்டாத உயரம். அக்குளில் வைத்து நடக்கிற ஊன்றுகோல் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து அதால் கொண்டியைத் தள்ளினாள்.

யாருடையது என்று கேட்டார் கொக்கி. யாரோ விட்டுப் போனது, மூன்று நாளாகக் கேட்க ஆளில்லை, ஜன்னலுக்கு நல்ல வசதி என்றாள் ஆயா.

"ஊன்றுகோலோட வந்து நடந்தே போயிட்டாங்களா? நல்ல வைத்தியம்," என்றார் சைரன்.

ஆயா சிரித்தாள். சிரித்த கையோடு பேச்சும் வந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து வார்டில் ஒரே நர்ஸ்தான். இன்னொருத்தியை மேல்மாடியில் யாரோ பெரிய இடத்து நோயாளிக்குத் துணைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் பாவம், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது.

கொக்கி தன் கொக்கியைப் போட்டார். ஒன்பதாம் நம்பரின் சிறுநீர்ப் பையை அன்றைக்குக் கொட்டியது யார்?

"நான்தான் எல்லாப் பையும் கொட்டுவேன். அதுல கொட்ட என்ன இருந்துச்சு? டியூப்பு கட்டில் கம்பில மடங்கிக் கெடந்துது. அந்தம்மாவப் போர்வையோட அள்ளிட்டுப் போறப்பதான் பாத்தேன்."

சார்ட்டில் மணிக்கு நாற்பது மில்லி. ஆறு மணிநேரத்துக்கு இருநூற்று நாற்பது. ஒரு டம்ளர் நிறைய. இவள் ஒன்றுமில்லை என்கிறாள். முழங்காலைத் தட்டுகிற ரப்பர் சுத்தியல் எங்கே என்று கேட்டார் கொக்கி. அதுவா, கணக்கெடுப்பில் ஒன்று காணாமல் போனதிலிருந்து பெரிய சிஸ்டர் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார், சாவி அவர் இடுப்பில் என்றாள் ஆயா.

"கையாலயே தட்டலாம் அத்தான். இப்பத்தான என்னையத் தட்டினாரு," என்றார் சைரன் அவசரமாக.

தட்டலாம்தான். கொக்கி அந்த ஊன்றுகோலை வாங்கிப் பார்த்தார். கைப்பிடியில் பழைய டயர் டியூபை வெட்டி அழகாகச் சுற்றி ஒட்டியிருந்தது. வலிக்காமல் இருக்க யாரோ பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. டயர் கரி படிந்த நகங்கள் அவர் நினைவுக்கு வந்தன. அப்புறம் அந்த மடி, அந்தப் பை. ஒரு ஊன்றுகோல், ஒரு செருப்பு.

ஊன்றுகோலைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்த வேகத்துக்குச் சைரனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

பெஞ்சில் இருந்த மனிதர் ஊன்றுகோலைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மூன்று நாளாகத் தேடுவதாகவும், கண் முழித்தவுடன் அவள் முதலில் இதைத்தான் கேட்பாள் என்றும் சொன்னார். பஸ் டிப்போ பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவர். மனைவி பள்ளிக்கூடப் பை தைக்கிறவள்.

"பதினோரு வயசுல லாரி ஏறிருச்சுங்க. இடது காலு தொடையோட போச்சு. ஒத்தக் கால்லயே மிஷின் மிதிப்பா. ரெண்டு கால்காரி நாலு பை தைக்கிறதுக்குள்ள இவ அஞ்சு தைப்பா."

இடது கால், தொடையோடு. சார்ட்டில் இடது முழங்கால், இரண்டு கூட்டல் குறி, ஆறு வரிசை.

சைரன் எதுவும் சொல்லவில்லை. கொக்கி அவரைத் தெரிந்த இந்த இருபத்தெட்டு வருஷத்தில், சொல்ல ஒன்றுமில்லாமல் அவர் நின்றது அன்றைக்குத்தான்.

மணி மூன்றே கால். விசாரணை அறைக்கு ஏறும் மாடிப்படியில் மகள் உட்கார்ந்திருந்தாள். வெள்ளை உடுப்பைத் தேய்த்துப் போட்டிருந்தாள். கொக்கி அவளுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

"ஒம்பதாம் நம்பரோட போர்வையத் தூக்கிப் பாத்தியாம்மா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார்.

"இல்ல மாமா."

பிறகு எல்லாமே வந்தது. அழாமல் சொன்னாள். எட்டு மணிக்கு டியூட்டிக்கு வந்ததும் முதல் வேலை சார்ட் எழுதுவது. இரண்டு மணி வரைக்கும் எல்லாக் கட்டத்தையும் அப்போதே நிரப்பிவிட வேண்டும். ஒன்பது மணிக்குப் பெரிய சிஸ்டர் சுற்றி வருவார். இன்னும் வராத மணிக்கானதாக இருந்தாலும் காலிக் கட்டம் இருந்தால் மெமோ. நோயாளியைப் பார்க்காததற்கு யாரும் மெமோ வாங்கியதில்லை, கட்டத்தை விட்டதற்கு வாங்காதவர்கள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் மூச்சு பதினெட்டு, எல்லாருக்கும் நாற்பது, எல்லாருக்கும் இரண்டு முழங்கால். பேனாவை எடுத்தால் கையே எழுதிவிடும்.

"நாலு தடவ அந்தக் கட்டிலத் தாண்டிப் போனேன் மாமா. ஒவ்வொரு தடவையும் மூஞ்சியப் பாத்தேன். தூங்கிட்டிருந்தாங்க. ராத்திரியெல்லாம் வலியில கெடந்தவங்க, இப்பயாச்சும் நல்லாத் தூங்குறாங்களேன்னு சந்தோஷப்பட்டேன்."

கொக்கி கண்ணை மூடிக்கொண்டார். ஒரு தட்டு. எந்தத் தடவை தட்டியிருந்தாலும் போதும். போர்வையைத் தூக்கியிருந்தால் மடங்கிய டியூபும் கண்ணில் பட்டிருக்கும், இல்லாத காலும் கண்ணில் பட்டிருக்கும், இருக்கிற கால் துள்ளாததும் தெரிந்திருக்கும்.

"சார்ட்ட எடுக்கறேன்னு சொன்னப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க ரொம்ப நம்பினீங்க மாமா."

அந்தக் காகிதத்தை முத்திரை குத்தி மேஜைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். இனி அவரே நினைத்தாலும் திருப்பி வாங்க முடியாது. லாரி ஷெட்டில் இப்படிச் சாய்வு மாறாத எழுத்தில், ஒரே மையில், ஆறு வேளை ரசீது வந்திருந்தால் தூர வைத்தே சிரித்திருப்பார். மச்சான் மகள் எழுத்து என்றதும் அழகு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"உள்ள போனதும் நானே சொல்லிடறேன்," என்றாள் அவள். "எத்தன காலுன்னுகூட எனக்குத் தெரியலன்னு சொல்லிடறேன்."

சைரன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, சொல்லு என்றார். சத்தமே வரவில்லை.

விசாரணை அறையில் நீள மேஜை. தலைமை டாக்டர், நிர்வாகி, சாவிக்கொத்தோடு பெரிய சிஸ்டர். துணைக்கு ஒரு பெரியவரைக் கூட்டிவரலாம் என்பதால் கொக்கிக்கும் நாற்காலி இருந்தது. சைரன் கதவுக்கு வெளியே.

தலைமை டாக்டர் சார்ட்டை முன்னால் வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியை மாட்டினார். விரல் கட்டம் கட்டமாகக் கீழே இறங்கியது. மூச்சு. சிறுநீர். வலது முழங்கால். அடுத்த கட்டத்தில் விரல் நின்றது. கொக்கி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாகத் தீவிர சிகிச்சை அறையில் அந்தப் பெண்ணைத் தினமும் பார்க்கிறவர் இந்த டாக்டர்தான். எத்தனை கால் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. விரல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மெதுவாக அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது.

நர்ஸ் எழுந்து நின்றாள். "சார், அந்தம்மாவுக்கு..."

"உக்காரும்மா," என்றார் தலைமை டாக்டர். "சார்ட்ல இல்லாதது எதுவும் இங்க பேச வேண்டாம்."

அவரே பேசினார். மணிக்கு ஒரு தடவை பார்த்திருக்கிறது. எல்லாம் முறைப்படி எழுதப்பட்டிருக்கிறது. மருந்து சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை, அது யார் குற்றமும் இல்லை. நர்ஸ் நாளைக்கே வேலைக்கு வரலாம். நிர்வாகி தலையாட்டினார். பெரிய சிஸ்டர் பெருமூச்சு விட்டபோது சாவிக்கொத்து குலுங்கியது. காலையில் நிர்வாகி ஏன் உட்காரச் சொன்னார் என்று கொக்கிக்கு இப்போதுதான் புரிந்தது. அந்தக் காகிதம் அந்தப் பெண்ணை மட்டும் காப்பாற்றவில்லை. கட்டடத்தையே காப்பாற்றியது.

"டாக்டர், நீங்க அந்தம்மாவப் பாத்தீங்களா?" என்றார் கொக்கி.

"தெனம் பாக்கறேன்."

"முழுசா?"

தலைமை டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"பெரியவரே, உங்க மருமகளுக்கு வேல வேணுமா, வேண்டாமா?"

முப்பது வருஷமாகக் கேள்வியை மாட்டியே பழகியவருக்குத் தன் தொண்டையில் ஒன்று மாட்டியது போலிருந்தது. பக்கத்தில் அந்தப் பெண் தன் உடுப்பின் தேய்த்த மடிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும், ஜெயித்துவிட்டோமா என்று சைரன் கண்ணாலேயே கேட்டார். கொக்கி தலையை ஆட்டினார். ஆமாமா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. மகள் இருவரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். நாளைக்குக் காலை எட்டு மணிக்கு அவளுக்கு முப்பத்திரண்டு சார்ட் காத்திருக்கும்.

கீழே வந்தபோது பெஞ்சில் பஞ்சர்காரர் அதே இடத்தில் இருந்தார். பக்கத்தில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்திருந்தார். கையில் ஒரு உறை. இப்போதுதான் ஆபீசிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்களாம். எல்லாம் ஒழுங்காகப் பார்த்ததற்குச் சாட்சி, பத்திரமாக வைத்துக்கொள் என்றார்களாம். அவர் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். கொஞ்சம் படித்துக் காட்டச் சொன்னார்.

"மணிக்கு ஒரு தடவ வந்து பாத்தாங்களாம். அத மட்டும் ஒரு தடவ கேட்டுக்கறேன் ஐயா. அவளத் தனியா விட்டுட்டுக் கொழந்தையப் பாக்கப் போயிட்டேனேன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது."

சைரன் கொக்கியின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தார். இழுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

கொக்கி பெஞ்சில் உட்கார்ந்தார். எழுதியதை எழுதியபடி படிப்பதைத் தவிர வேறு விதமாகப் படிக்க அவருக்குத் தெரியாது. எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, சத்தமாகப் படித்தார். கூட்டல் குறி வந்த இடத்தில் மட்டும் நல்லாயிருக்கு என்றார். எட்டு மணி, மூச்சு பதினெட்டு, சிறுநீர் நாற்பது, வலது முழங்கால் நல்லாயிருக்கு, இடது முழங்கால் நல்லாயிருக்கு. ஒன்பது மணி, மூச்சு பதினெட்டு, சிறுநீர் நாற்பது, வலது முழங்கால் நல்லாயிருக்கு, இடது...

"இடது முழங்காலா?" என்றார் பஞ்சர்காரர்.

கொக்கி விரலை எடுக்கவில்லை. "அப்படித்தான் எழுதியிருக்கு."

அந்த மனிதர் காகிதத்தைப் பார்த்தார். மடியிலிருந்த செருப்பைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. பிறகு அந்த நெற்றி தெளிந்தது.

"மாத்திக் குடுத்துட்டாங்க ஐயா. வேற யாரோ பொம்பளையோட பேப்பரு. பாவம், எவ்வளவு கூட்டம், அவங்களும்தான் என்ன பண்ணுவாங்க." காகிதத்தை மடங்காமல் வாங்கி உறைக்குள் போட்டார். "அந்தப் பொம்பளையோட வீட்டுக்காரரும் இத வச்சுத் தேடிட்டிருப்பாரு. நான் போய்க் குடுத்துட்டு நம்மளோடத வாங்கிட்டு வந்துடறேன். ஊன்றுகோலக் கொஞ்சம் பாத்துக்கங்க."

செருப்புப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் நடைபாதைக் கடைசிக்குப் போனார். ஆபீஸ் ஜன்னலில் நீளமான வரிசை. கடைசி ஆளாக நின்றார். முன்னால் நின்றவரிடம் உறையைக் காட்டி ஏதோ விசாரித்தார். அவரும் பணிவாகப் பதில் சொன்னார்.

"அத்தான்," என்றார் சைரன். "போய்ச் சொல்லப் போறீங்களா?"

வரிசை ஒரு ஆள் நகர்ந்தது. கொக்கி ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய முழங்கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.